மெட்டுகளைத் தேடிப் பிடித்த போலீஸ் அதிகாரி

அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரப் போலீஸ் படைக்கு 1901-ம் ஆண்டில் ஒரு புதிய தலைவர் வந்தார். அவர் பெயர் பிரான்சிஸ் ஓ நீல். திருடர்களைப் பிடிப்பது அவருடைய உத்தியோகம். ஆனால் ஓய்வு நேரமெல்லாம் அவர் தேடி அலைந்தது, தாம் பிறந்த அயர்லாந்து நாட்டின் பழைய மெட்டுகளை!

ஓ நீல் 1848-ம் ஆண்டு அயர்லாந்தின் தென்பகுதியில், டிராலிபேன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது நாட்டில் கொடிய பஞ்சம். உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு அழுகியதால் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். மேலும் பல லட்சம் பேர் கப்பலேறினர். பாட்டுக்காரர்களும் அவர்களோடு போனார்கள். அந்த இசையில் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்படாதது. பாடுகிறவன் போனால் மெட்டும் போச்சு!

பக்கத்து வீட்டு விவசாயி ஒருவர் சிறுவன் ஓ நீலுக்குப் புல்லாங்குழல் கற்றுக் கொடுத்தார். அந்த வித்தை பின்னால் சோறு போட்டது.

சோறு போட்ட குழல்

16 வயதில் ஓ நீல் வீட்டைவிட்டுக் கிளம்பிக் கப்பல் வேலையில் சேர்ந்தார். பசிபிக் கடலில் ஒரு சிறு தீவில் மோதிக் கப்பல் உடைந்தது. அவ்வழியே வந்த ஹவாய்த் தீவுக் கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் கப்பலில் உணவு பற்றாக்குறை. 34 நாள் பயணம்! அந்தக் கப்பல் மாலுமி ஒருவனிடம் புல்லாங்குழல் இருந்தது. ஓ நீல் அதை வாங்கி வாசித்தார். மாலுமி சொக்கிப் போனான். அன்று முதல் தன் உணவில் பங்கு கொடுத்தான். கரை சேர்ந்தபோது மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மூவரில் ஓ நீல் ஒருவர்.

1873-ல் சிக்காகோ போலீசில் சேர்ந்தார். ஒரு மாதத்துக்குள் திருடன் ஒருவன் சுட்டுவிட்டான். முதுகெலும்பின் அருகே தங்கிய குண்டைக் கடைசி வரை எடுக்க முடியவில்லை. அதைச் சுமந்துகொண்டே வேலை பார்த்துத் தலைவர் பதவிக்கு உயர்ந்தார்.

அந்நகரில் அயர்லாந்தின் பல மாவட்டத்து மக்களும் குடியேறியிருந்தார்கள். துருத்திக் குழல் வாசிப்பவர்களும் இருந்தார்கள். அந்த வாத்தியத்தில் வாய் வைத்து ஊதுவதில்லை. ஒரு கையின் இடுக்கில் உள்ள துருத்தியை முழங்கையால் அமுக்கினால், மறு கையின் அடியிலுள்ள பைக்குக் காற்று போகும். விரல்கள் மெட்டை வாசிக்க, வேறு குழல்கள் இடைவிடாமல் ஒத்து ஊதும்.

ஓ நீல் ஒவ்வொருவரையும் தேடிப் போனார். பிறர் கற்றுவிடுவார்களோ என்று மெட்டை ஒளித்தவர்களும் உண்டு. அவருக்கு இசையை எழுதும் பழக்கம் போதாது. கேட்டதை மனத்தில் வாங்கிக்கொண்டு சக போலீஸ்காரர் ஜேம்ஸ் ஓ நீலிடம் போவார். (பெயர்தான் ஒன்று, உறவினர் அல்ல.) இவர் பாடுவார், பிடில் வித்வானான அவர் எழுதுவார். இப்படியே 1903-ல் 1,850 மெட்டுகள் கொண்ட பெரும் புத்தகம் வெளிவந்தது.

மறு வருஷமே இடி விழுந்தது. மகன் ரோஜர்ஸ் காய்ச்சல் கண்டு இறந்தான். வயது பதினெட்டு. அதற்கு முன்பே பல குழந்தைகளைப் பறிகொடுத்த வீடு அது. தாய் ஆனாவின் துக்கத்தை முன்னிட்டு அவ்வீட்டில் அதன் பிறகு இசை நின்று போயிற்று. பாட்டுக்காகவே வாழ்ந்தவருக்குச் சொந்த வீட்டில் பாட்டு இல்லை! ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. 1907-ல் 1,001 நடன மெட்டுகளை வெளியிட்டார். 1913-ல் பாணர்களின் வரலாற்றை எழுதினார்.

மெட்டுகளைத் திருத்திவிட்டார் என்று குறை சொல்வாரும் உண்டு. இருக்கட்டும். எழுதாமல் விட்டிருந்தால் திருத்துவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

தம் நூல்களை 1931-ல் நோட்டர்டேம் பல்கலைக் கழகத்துக்கு வழங்கினார். 1936 ஜனவரியில் தமது 87-வது வயதில் காலமானார். பிற்காலத்தில் கிடாரும் இந்த இசைக்குத் துணையாக வந்து சேர்ந்தது. இன்று துருத்திக் குழலும் கிடாரும் சேர்ந்து வாசிக்கும் மெட்டுகளில் பல அவர் எழுதி வைத்தவை. அயர்லாந்துக் கலைஞர்களிடையே புத்தகம் என்று மட்டும் சொன்னாலே போதும். அது ஓ நீலின் 1,001 மெட்டுகள்தான்.