ஊட்டிக்கு வழி திறந்த சல்லிவன்

வத்திராயிருப்பில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான், வடக்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் நீலகிரியாக உயர்ந்து நிற்கிறது. மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்குக்கூட, கோடை விடுமுறை வந்தால் ஊட்டி பார்க்க ஆசை வந்துவிடுகிறது. அங்கே பூங்கா உண்டு. ஏரி உண்டு. வளைந்து வளைந்து ஏறும் சாலையும் உண்டு. அந்த மலைக்கு முதல் சாலை போட்டவர் ஒரு கலெக்டர். அவர் பெயர் ஜான் சல்லிவன்.

சல்லிவன் 1788-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். மீசை அரும்பும் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தார். 1815-ல் கோவை ஜில்லா கலெக்டர் ஆனார்.

மலை ஏறினார்

கோவைச் சமவெளியிலிருந்து நீலகிரி நன்றாகத் தெரியும். ஆனால் மேலே என்ன இருக்கிறது என்பது வெள்ளைக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1819 ஜனவரியில் சல்லிவன் மேலே ஏறினார். கோடை வெயிலில் வாடியவருக்கு அந்தக் குளிர்காற்று பெரிய அதிசயம்.

மலை வெறும் காடாக இருக்கவில்லை. தோடர்கள் எருமை மேய்த்தார்கள். படகர்கள் பயிர் செய்தார்கள். கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரும் வாழ்ந்தார்கள்.

1820-ல் சாலை வேலை தொடங்கியது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வரை பாறையை உடைத்து வழி செய்தார்கள். கைதிகள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். 1823-ல் சாலை முடிந்தது.

சல்லிவன் ஊட்டியில் கல்லால் வீடு கட்டினார். அது இன்று அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஓடையை மறித்து ஏரி அமைத்தார். உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார்.

நிலம் யாருடையது?

சாலை வந்ததும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். இடம் பிடிக்கப் போட்டி வந்தது. சல்லிவனும் ஏராளமான நிலம் வைத்திருந்தார். ஆனால் இந்த நிலம் தோடர்களுக்கே சொந்தம், எடுப்பவர்கள் அவர்களுக்கு விலை கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் வாதாடினார். கவர்னர் லஷிங்டன் அதை ஒப்பவில்லை. 1830-ல் மலையின் ஒரு பகுதி கோவையிலிருந்து பிரிக்கப்பட்டு, மலபார் ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டது.

பிறகு சல்லிவன் சென்னையில் உயர்ந்த பதவிகள் வகித்தார். ஆனால் வீட்டில் பெரும் துயரம் நேர்ந்தது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் இறந்தார்கள். இருவரையும் ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1841-ல் சல்லிவன் இந்தியாவை விட்டுப் போனார். 1855-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் போன பிறகு ஊட்டி மேலும் வளர்ந்தது. 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். 1908-ல் மலை ரயில் ஊட்டியை எட்டியது. கீழே கோவை பெரிய நகரமாயிற்று. கூட்டமும் பெருகியது. மலை தாங்காது என்ற கவலையில், வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் வாழ்ந்த பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. சாலை போட்டவர் என்று அவரை எல்லோரும் போற்றுகிறார்கள். மலையில் ஏறுகிறவர்கள் அங்கே முன்பே வாழ்கிறவர்களை மதிக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். ஊட்டிக்குப் போகிறவர்கள் அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.