கவிமணியும் உரிமை வேட்கையும்

தளையின்றி வாழ விழைதல் மக்கட்குரிய இயல்பாம். மேனாட்டு இளைஞர் கித்தாரை மீட்டி ராக் இசையில் அவ்வேட்கையைப் பாடத் தொடங்குவதற்குப் பல்லாண்டு முன்னரே, நம் நாஞ்சில் நாட்டுப் புலவர் ஒருவர் அதனை இனிய தமிழிற் பாடிவைத்தனர். அவரே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள்.

இவர் 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள், தேரூரிற் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினர். இளமையிலேயே தந்தையை இழந்தனர். பள்ளியில் மலையாளம் பயில நேர்ந்தமையின், சாந்தலிங்கத் தம்பிரான் என்பாரை அடைந்து தமிழ் கற்றனர். பின்னர் ஆசிரியத் தொழில் பூண்டு, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்து, 1931-இல் ஓய்வுபெற்றுப் புத்தேரியில் வாழ்ந்தனர்.

அக்காலத்து நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழித் தாயமுறை நிலவிற்று. குடும்பத் தலைவராகிய காரணவர் இறப்பின் சொத்து அவர்தம் மருமகனைச் சாரும். மக்களுக்கு உகந்துடைமை என்னும் சிறுபங்கே உரியது. கணவன் இல்லத்தில் உழைத்து ஓய்ந்த மனைவியும் அவள் பெற்ற மக்களும் பிறர் கையை எதிர்நோக்கி நிற்பர். வழக்காடியே அழிந்த குடும்பங்களும் உள.

இக்கொடுமையைப் பிள்ளையவர்கள் வசைமொழியால் தாக்கினாரல்லர். காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைத் தானே எடுத்துரைப்பதாக 'மருமக்கள்வழி மான்மியம்' பாடினர். கேட்போர் முதலில் நகைப்பர். நகைத்த வாய் மூடுமுன் கண் கலங்குவர். தம் மரபினரின் வழக்கத்தையே தாம் இடித்துரைத்தல் எளிதன்று. அங்ஙனம் உரைத்தும் கேட்போர் மனத்தைத் தம்பால் ஈர்த்தமையே இவர் பெருமை. இப்பாடல்கள் முதலில் 'தமிழன்' இதழில் வெளிவந்தன. சீர்திருத்தம் நாடியோர் பலர் முயற்சிக்கு இவை துணைநின்றன. 1926-ஆம் ஆண்டிற் பிறந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மனைவி மக்களின் உரிமைக்கு வழிதிறந்தது.

பெண்ணுரிமையோடு இவருள்ளம் அமைந்திலது. தீண்டாமையால் கோயில் வாயிலிற் புறத்தே நிறுத்தப்பட்டோர்க்காகவும் பாடினர். 'ஆசிய ஜோதி'யில், வேள்விக்கு ஈர்த்துச் செல்லப்பட்ட ஆட்டு மந்தைக்காகப் புத்தர் பெருமான் இரங்கி நின்றதைத் தமிழாக்கினர். வாயில்லா உயிருக்கும் வாழும் உரிமை உண்டென்பது இவர் கொள்கை போலும்!

1940-ஆம் ஆண்டிற் சென்னையில் 'கவிமணி' என்னும் பட்டம் இவர்க்குச் சூட்டப்பெற்றது. 1954 செப்டம்பர் 26-இல் இவ்வுலக வாழ்வை நீத்தனர். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் முதல் நாளைக் காண இவர் இலர்.

மாணவ நண்பர்காள்! தன் விடுதலையை மட்டும் வேண்டிப் பாடுதல் யார்க்கும் எளிது. பேசவியலாது அடங்கியிருந்தோரின் விடுதலையைத் தன் வேட்கையாக்கிப் பாடுதல் அரிது. தேரூர் வழியே செல்லும்போது இதனை ஒருகணம் நினைமின்.