கெமராவைத் தன்வயப்படுத்திய லயனல் வென்ட்

கண்டி - குருநாகல் வீதியிலுள்ள கலகெதர போன்ற ஊர்களிலும் திருமண வைபவங்களைப் படம்பிடித்து வாழ்வை நடத்தும் இளைஞர்களை இன்று காண்கிறோம். தாலி கட்டும் கணமும் நிக்காஹ் நிறைவேறும் கணமும் இரண்டாவது முறை வாய்ப்பதில்லை. ஆகவே, கண் காட்சியை விட்டு அகலாமலேயே விரல் தேடும் பொத்தான் அகப்பட வேண்டும் என்றும், எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்றும் அவர்கள் விரும்புவது நியாயமானதே. இவ்வேளையில் இந்நாட்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞரான லயனல் வென்டின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

1900ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்த வென்ட், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் புதல்வராவார். இலண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் நாடு திரும்பிய அவர், வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை. இசையும் பின்னர் புகைப்படமுமே அவரை ஆட்கொண்டன.

அவர் கையாண்ட லைக்கா கெமராவில் இருந்தவை சில திருகிகளும் வளையங்களும் மாத்திரமே. ஒளியை அளக்கும் கருவி அதனுள் இருக்கவில்லை. ஒரு சுருளின் நடுவே ஒளியுணர்திறனை மாற்றிக்கொள்ளவும் இயலாது. கெமரா தராததை அவர் இருட்டறையில் தேடினார். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தும், கழுவும்போதே ஒளிபடச் செய்து உருவின் விளிம்புகளை மாற்றியும் பரிசோதனைகள் நடத்தினார். கருவியின் எல்லையைத் தம் எல்லையாக அவர் ஏற்கவில்லை.

1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்கு அவரே குரல் கொடுத்தார். சிவனொளிபாதமலையையும் கண்டி நடனத்தையும் காட்டும் அப்படத்தின் உரை, கண்டி இராச்சியத்தில் சுமார் இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸின் நூலைத் தழுவியது என்பது குறிப்பிடத்தக்கது. 1938இல் இலண்டனில் அவரது படங்கள் காட்சிப்படுத்தப்பட்டன. ஓவியர்களை ஒன்றிணைத்த '43 குழுமம் 1943இல் உருவாவதற்கும் அவர் துணைநின்றார்.

1944 டிசம்பரில், 44 வயதில் அவர் காலமானார். அவரது நெகட்டிவ்கள் பின்னர் அழிந்துபோயின. 1950இல் அவரது படத்தொகுப்பு நூல் வெளியானது. கொழும்பிலுள்ள கலையரங்கு இன்றும் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வாழ்வு இரு தரப்பினருக்கும் பாடமாகும். பொத்தான்களை விரும்பியவாறு மாற்றியமைக்கும் வசதியையும், எடுக்கும் படத்தை ஒரே நேரத்தில் இரண்டு நினைவக அட்டைகளில் பதியும் வசதியையும் விலை குறைந்த கெமராக்களிலும் வழங்குவது உற்பத்தியாளரின் கடமை. ஓர் அட்டை பழுதடைந்தால் ஒரு குடும்பத்தின் நினைவே அழிந்துவிடும். நமது இளைஞர்களோ, அவ்வசதி வரும்வரை காத்திராது, கையிலுள்ள கருவியை முற்றாகக் கற்றுத் தேர்வதுடன், எடுத்த படங்களுக்கு அன்றன்றே பிரதி எடுத்துப் பாதுகாக்கவும் பழக வேண்டும். வென்டின் படங்களுக்கு நேர்ந்த கதி எமது ஊர்களின் படங்களுக்கும் நேரலாகாது என்பதே எமது அவா.