காசம் கொண்டுபோன நம் கல்லூரி மாணவர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் சொ. விருத்தாசலம். அதாங்க, நம்ம புதுமைப்பித்தன்.

1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தாலும் பூர்வீகம் திருநெல்வேலிதான். தாசில்தாராக இருந்த தகப்பனார் ஓய்வு பெற்றதும், 1918-ல் குடும்பம் தாமிரபரணிக் கரைக்கே திரும்பிவிட்டது. நமது இந்துக் கல்லூரியில் படித்து 1931-ல் பி.ஏ. தேறினார். அதே ஆண்டில் கமலாவைக் கைப்பிடித்தார். பிறகு சென்னை, மணிக்கொடி, தினமணி. அவர் கதைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது அவர் நோயைப் பற்றி.

பத்திரிகைச் சம்பளம் போதாமல் சினிமாவுக்குப் போனார். பாகவதர் நடித்த ராஜமுக்திக்கு வசனம் எழுதப் புனேக்குப் போன இடத்தில் காசநோய் அவரைப் படுக்க வைத்தது. உடம்பு உருகி, மனைவியின் ஊரான திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். 1948 ஜூன் 30-ல் காலமானார். வயது நாற்பத்திரண்டு.

அந்த நாளில் க்ஷயம் என்ற சொல்லையே வீட்டில் மெதுவாகத்தான் சொல்வார்கள். பெண் கொடுக்க மாட்டான், வாடகைக்கு வீடு தர மாட்டான். வைத்தியம் என்பது ஓய்வும், முட்டையும் பாலும், நல்ல காற்றும்தான். மாதச் சம்பளத்துக்கே திண்டாடுகிறவன் எங்கே போவான்?

இத்தனைக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர் நால்வர். வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். அந்த முடிவு அச்சானது 1948 அக்டோபர் 30-ல். அவர் போய்ச் சரியாக நாலு மாதம்! எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

அந்த மருந்து மட்டும் போதாது, கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதும் அப்போதே தெரிந்தது. அதனால்தான் கூட்டு மருந்துகள் வந்தன. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். கூட இருந்தவர்களுக்கும் தொற்று கூடவில்லை. 1959-ல் வெளிவந்த அந்த முடிவை உலகமே ஏற்றுக்கொண்டது.

இப்போது சாதாரணக் காசத்துக்கு ஆறு மாத மருந்து. சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஹாஸ்டல் தம்பி தங்கைகளே, இருமல் ரெண்டு வாரம் தாண்டினால் பாளை ஹைகிரவுண்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.