சர் முத்துசாமி ஐயர்: வழக்கத்தை மதித்த நீதிபதி

சென்னை ஹைகோர்ட்டில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. அந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயரின் சிலை அது. தெருவிளக்கடியில் படித்து உயர்ந்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைச் சொல்வதுண்டு. ஆனால் அவர் விட்டுச் சென்ற சட்ட மரபைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சமூக வழக்கங்களைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதற்கு அவர் ஒரு விடை கண்டார். மைசூர் சமஸ்தானம் கண்ட விடை வேறு.

ஒரு ரூபாய் சம்பளம்

1832-ல் தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஐயர். இளமையிலேயே தந்தையை இழந்து, திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாக மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை செய்தார். அவரது கூர்மையைக் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கர் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார். முன்சீப், டிப்டி கலெக்டர், போலீஸ் மாஜிஸ்டிரேட் எனப் படிப்படியாக உயர்ந்தார். இன்று கர்நாடகத்தில் உள்ள மங்களூரிலும் சில காலம் நீதி வழங்கினார்.

1878-ல் அவர் ஹைகோர்ட் நீதிபதியானபோது வெள்ளையர் பத்திரிகைகள் வெகுண்டெழுந்தன. அவற்றுக்குப் பதில் சொல்ல ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று தொடங்கியதே ஹிந்து பத்திரிகை.

வழக்கமே சட்டம்

தீர்ப்பு எழுதுவதில் ஐயர் பழமைவாதி. சாஸ்திரம், முன்தீர்ப்பு, நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஆகியவற்றைத் தாண்டி நீதிபதி புதுச் சட்டம் செய்யலாகாது என்ற நெறியில் நின்றார். தேவதாசி ஒருவர் பெண்ணைத் தத்தெடுப்பது செல்லாது என்று பம்பாய் ஹைகோர்ட் 1880-ல் கூறியிருந்தது. 1888-ல் அதே கேள்வி ஐயர் அமர்ந்த பெஞ்சின் முன் வந்தபோது, குற்றவியல் சட்டத்துக்கு விரோதமில்லாத அளவில் அந்த வழக்கம் ஏற்கப்பட்டது. அதனால் அச்சமூகப் பெண்களின் சொத்துரிமை காக்கப்பட்டது. ஆனால் அந்த முறையும் கூடவே நிலைத்தது. சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டத் தடை வர 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1891-ல் மலபார் திருமணக் கமிஷனுக்குத் தலைவரானபோதும் நிதானமே அவர் வழியாக இருந்தது. மருமக்கத்தாய முறையில் உள்ளோர் விரும்பினால் மட்டும் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சட்டம், அவர் மறைந்த பின் 1896-ல் வந்தது. பதிவு செய்தோர் மிகச் சிலரே. 1933-ல் வந்த சட்டம்தான், பதிவு இல்லாமலே அந்த உறவுகளைத் திருமணமாக ஏற்றது.

மைசூர் சென்ற பாதை

ஐயரின் கடைசி ஆண்டுகளில் மைசூரின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர். 1894-ல் மைசூர் அரசு குழந்தை மணத்துக்கு எதிராகச் சட்டம் செய்தது. 8 வயது நிரம்பாத சிறுமியின் திருமணமும், 50 வயது கடந்தவர் 14 வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதும் குற்றமாயின. பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் வந்ததோ 1929-ல்தான். 1909-ல் மைசூர் அரசு தன் பொறுப்பிலிருந்த கோயில்களில் தேவதாசி ஊழியத்தையும் நிறுத்தியது.

இரண்டையும் செய்தது நீதிமன்றமல்ல, அரசு என்பது கவனிக்கத்தக்கது. சட்டம் செய்வது அரசின் வேலை என்ற முத்துசாமி ஐயரின் நெறிக்கு இது முரணானதல்ல. மைசூரில் சுதேச மன்னரின் அரசு துணிந்தது. சென்னையிலோ, 1858-ம் ஆண்டு விக்டோரியா பிரகடனத்தில் மத விஷயங்களில் தலையிடுவதில்லை என வாக்களித்த அன்னிய அரசு தயங்கியது. நீதிபதி கை வைக்கக் கூடாது, அரசும் கை வைக்காது என்றால் நியாயம் கேட்டு வருபவர் எங்கே போவது? ஐயரின் மரபில் உள்ள குறை இதுவே.

நிறையும் சிறியதல்ல. அன்னிய நீதிபதிகள் நம் வழக்கங்களை அரைகுறையாக அறிந்து தீர்ப்பளித்த காலத்தில், ஊர் வழக்கத்துக்குச் சாட்சியம் கேட்டு, காரணம் காட்டி எழுதும் முறையை அவர் வேரூன்றச் செய்தார். 1893-ல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரியில், பதவியில் இருந்தபடியே காலமானார். அவர் திறந்த வழியில் இந்தியர் பலர் அந்த ஆசனத்தில் அமர்ந்தனர். அவர் தொடாமல் விட்ட வழக்கங்களைப் பின்வந்த சட்டமன்றங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தின.