உயிர்ப்பொருளின் நாணயம் கண்ட எல்லாப்பிரகத சுப்பாராவ்

அறிவுலகிலே பலர் பெரும்பணி செய்தும் பெயர் விளங்காது மறைந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவர். நோயுற்றோர் பலர் இன்றும் அவர் தந்த மருந்தை உண்டு பிழைக்கின்றனர். எனினும் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. ஆதலின் அவர் வாழ்வை நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், வறுமை வாய்ந்த தெலுங்குக் குடும்பத்திலே பிறந்தார். மெற்றிக்குலேசன் தேர்விலே இருமுறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். துறவு பூண விரும்பி இராமகிருஷ்ண சங்கத்தை நாடியவரை, மருத்துவம் கற்று மக்கட்குத் தொண்டு புரியுமாறு அங்குள்ள பெரியோர் ஆற்றுப்படுத்தினர். நம் விபுலாநந்த அடிகளும் 1922இல் சென்னை சென்று இணைந்தது அச்சங்கத்திலன்றோ!

மருத்துவக் கல்லூரியிலே, காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டிற்று. உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் கொடிய குடல்நோய் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அத்துயரமே அவரை ஆராய்ச்சியிற் செலுத்தியது எனலாம். மனைவியைத் தாயகத்தில் விட்டு, 1923இல் அமெரிக்கா சென்றார். மீண்டும் அவர் தாயகம் திரும்பவேயில்லை.

ஹார்வாட் பல்கலைக்கழகத்தில், மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாற்றிக்கொண்டே பயின்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் கூடிக் குருதியிலுள்ள பொசுபரசை நிறத்தின் செறிவால் அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசையிலுள்ள பொசுபோகிறியற்றீனையும், பின்னர் 1929இல் அடினோசீன் முப்பொசுபேற்றையும் அவ்விருவரும் கண்டனர். பின்னதனை ஜெர்மனியிலே லோமன் என்பாரும் அவ்வாண்டிலேயே தனித்துக் கண்டார்.

இப்பொருளை உயிரணுவின் நாணயம் எனல் பொருந்தும். உடம்பிலுள்ள புரதங்கள் பல தொழிலின்றி உறங்கிக் கிடக்கின்றன. கைனேசு என்னும் நொதியம், இந்நாணயத்தினின்றும் ஒரு பொசுபேற்றைப் பெற்றுப் புரதத்திற் பிணைக்க, அப்புரதம் விழித்துத் தொழில் புரியும். வேறொரு நொதியம் அதனை நீக்க, மீண்டும் உறங்கும். நாம் அஞ்சி ஓடும்போது தசையிற் சேமித்த கிளைக்கோசன் விரைந்து உடைவது இம்முறையினாலேயே. இதனை 1950களில் விளக்கிய ஃபிஷர், கிரெப்ஸ் என்னும் இருவரும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர். விழித்த புரதம் உறங்க மறுப்பின் நோய் விளையும். நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயின் ஒரு வகையிலே, ஓயாது தொழிற்படும் கைனேசு ஒன்றே மூலமாகும். அதனை அடக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து 2001இல் வழக்கிற்கு வந்தது.

ஹார்வாட்டில் நிலையான பதவி கிட்டாமையால், சுப்பாராவ் 1940இல் லெடர்லி ஆய்வுகூடத்தை அடைந்தார். அவர் தலைமையிலே போலிக்கமிலம் 1945இல் ஆக்கப்பட்டது. அதுவே ஸ்புரூ நோய்க்கு மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர் ஊரார் பலரைக் காத்தார்! போலிக்கமிலத்தைப் போன்ற உருவுடன், அதனைக் கையாளும் நொதியத்தை மயக்கித் தடுக்கும் அமினொப்தரின் முதலாயினவும் அங்கே பிறந்தன. பொஸ்தன் நகர மருத்துவர் ஃபார்பர், அதனாற் குழந்தைகளின் வெண்குருதிப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிதலை 1948இல் வெளியிட்டார். அதன் இனமான மெதோத்திரெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் வழங்கப்படுகின்றது.

யானைக்கால் நோய்க்குரிய டையெதில்காபமசீன் என்னும் மருந்தும் அவர் குழுவினரின் கொடையே. நம் இலங்கை அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்றும் அகற்றிற்றென 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. அவ்வெற்றியில் அம்மருந்துக்கும் பங்குண்டு.

1948 ஆகஸ்டில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் உயிர் நீத்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. இந்திய அரசு 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

தேர்விலே தவறிய மாணவன் தாழ்ந்தவனல்லன் என்பதற்கு இவர் வாழ்வினும் மேலான சான்று வேண்டுமோ? குருக்கள்மடம் முதலாய வாவிக்கரை ஊர்களினின்றும் வந்து, ஒருமுறை தவறியதனால் நூலை மூடிவைத்த மாணவர் பலரை ஆசிரியராகிய நாம் கண்டுள்ளோம். அவர்கள் அந்நூலை மீண்டும் திறப்பாராக. மூன்றாம் முறை தேறியவர் உலகிற்கு அளித்த கொடையை அவர்கட்கு எடுத்துரைப்பது பழைய மாணவராகிய நம் கடனாகும்.