தாலியைக் கொடுத்துப் பசி தீர்த்த குடும்பம்

கர்மவீரர் என்றால் நமக்குக் காமராஜர் நினைவுதான் வரும். மராட்டிய மக்களுக்கும் ஒரு கர்மவீரர் உண்டு. அவர் பாவுராவ் பாட்டீல்.

1887-ம் ஆண்டு கும்போஜ் கிராமத்தில் பிறந்தவர். 1919-ல் 'ரயத் சிக்ஷண் சன்ஸ்தா' என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். 1924-ல் சதாரா நகரில் ஏழை மாணவர் விடுதி அமைத்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

பணமுடை வந்தது. மனைவி லட்சுமிபாயின் நகைகள் போயின. தானியம் தீர்ந்தபோது தாலியையும் கொடுத்து அந்த அம்மையார் பிள்ளைகளின் பசியாற்றினார். 1930-ல் அவர் காலமானார்.

பாவுராவ் தளரவில்லை. மாணவர்கள் மண்ணை வெட்டிப் பயிர் செய்து, உழைத்துக்கொண்டே படித்தார்கள். நிறுவனத்தின் சின்னம் ஆலமரம். 1959-ல் அவரும் மறைந்தார். அந்த ஆலின் விழுதுகளாக இன்று நூற்றுக்கணக்கான பள்ளிகள் நடக்கின்றன.